கடலைச் சேர்ந்த பைகள்

ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியரிடமிருந்து எல்லாரும் கொஞ்சம் தள்ளியே இருப்பது நல்லது. அனுபவசாலிகளால் ஆபத்தில்லை, ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள்தான் கற்றதை மூட்டை கட்டிக்கொண்டு வந்து பிள்ளைகள் தலையில் இறக்குவார்கள். எண்பதுகளின் நடுவில், திருவண்ணாமலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அப்படி இறக்கியவள் நான்.

மெட்ராஸில் நடந்த அந்தப் பயிற்சியில் ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். ஒரு கடல் ஆமை, பிளாஸ்டிக் பையை இரை என்று நினைத்து வாயில் கவ்விக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. (பார்த்ததும் தோன்றியது, 'இவ்வளவு தண்ணி சும்மா கிடக்குதே, நம்ம ஊருக்குக் கொஞ்சம் விடக்கூடாதா' என்பதுதான்.) அலையில் கால் நனைந்த நிமிஷத்திலேயே, இனிமேல் இந்தக் கடலைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த நாளில் எங்கள் ஊரில் பிளாஸ்டிக் பை என்பது கௌரவம். ஜவுளிக்கடையில் கொடுத்த பையைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, மடித்துப் பாய்க்கடியில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் தீபத்துக்கு வந்த கூட்டம் கலைந்த மறுநாள் பார்த்தால் மலையைச் சுற்றி வேலிக்கு வேலி பை தொங்கிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் சொல்லி, ஆமையையும் சொல்லி, ஏழாம் வகுப்பில் உருக்கமாகப் பாடம் எடுத்தேன்.

முதல் பெஞ்சில் செல்வி என்று ஒரு பெண். கேள்வி கேட்பதற்கென்றே பள்ளிக்கூடம் வருகிறவள்.

"டீச்சர், ஆமை கடல்லதான இருக்குது?"

"ஆமாம்."

"கடல் பாண்டிச்சேரில இருக்குது. நம்ம ஊரு பை அங்க எப்பிடிப் போவும்? பஸ்ஸுலயா?"

வகுப்பு சிரித்தது. நான் வரைபடத்தை மாட்டி, கோலால் காட்டினேன். மலையில் பெய்கிற மழை பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஓடையில் வரும், ஓடை ஏரிக்குப் போகும், ஏரி நிரம்பினால் ஆற்றுக்கு, அங்கிருந்து தென்பெண்ணைக்கு, பிறகு கடலூர் பக்கத்தில் கடலுக்கு.

செல்வி வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "போறத நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?"

வேறு யாராக இருந்தாலும் 'உட்காரு' என்று சொல்லியிருப்பார்கள். நான் அறிவியல் ஆசிரியை. "சோதனை செஞ்சே காட்டறேன்" என்றேன்.

சோதனை இதுதான். பிள்ளைகள் கிடைத்த பைகளையெல்லாம் பொறுக்கி வர வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைப் போட்டு, காற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டு, ஓடையில் விட வேண்டும். சீட்டில் எழுத வேண்டிய வாசகத்தை நானே கரும்பலகையில் எழுதினேன்: "அன்புடையீர், இந்தப் பை கடலைச் சேர்ந்ததா என்று அறிய விரும்புகிறோம். கண்டெடுத்தவர் கீழ்க்கண்ட முகவரிக்கு எழுதவும்." கீழே பள்ளியின் முகவரி.

பிளாஸ்டிக் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கக் கிளம்பியவள், போகிறதா என்று பார்க்க நானே பிளாஸ்டிக்கைத் தண்ணீரில் விட்டேன். இதில் ஏதோ இடிக்கிறதே என்று எனக்கு உறைக்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் உறைக்கவில்லை. (செல்விக்கு உறைத்திருக்கும். அன்றைக்குப் பார்த்து அவளுக்குக் காய்ச்சல்.) தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டபோது அவர், "பிள்ளைங்க தண்ணில எறங்காம பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் மழை கொட்டி ஓடை நுரைத்துக்கொண்டு ஓடிய சமயம். பைகள் உப்பிக்கொண்டு ஒன்றையொன்று இடித்தபடி ஊர்வலம் போயின. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கையசைத்தேன். அன்று மாலை என் கணவரிடம், இலங்கையிலிருந்துகூடப் பதில் வரலாம், பேப்பரில் படம் போடுவார்கள் என்றேன். எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதனால் அவர் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் தபால்காரரை வாசலிலேயே மடக்கிக் கேட்டேன். இலங்கை மௌனமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் காலை, தலைமையாசிரியர் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. உள்ளே போனால் என் மாமனார் உட்கார்ந்திருந்தார். ஏரிக்குக் கீழே உள்ள கிராமத்தில் விவசாயம் செய்பவர். பக்கத்தில் அவருடைய பக்கத்து நிலத்துக்காரர் கோவிந்தன். தரையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சாக்கு மூட்டை.

மாமனாருக்கு என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கோவிந்தனிடம் திரும்பி, "இதோ வந்துட்ச்சி எங்க மருமவ. நான் சொல்லல? அங்க நம்மாளு இருக்குது, கவலப்படாதன்னு" என்றார். பிறகு என்னிடம், "வாம்மா. உங்க ஸ்கூல்ல எவனோ ஒரு வாத்தியாரு பண்ண வேலயப் பாரு" என்று சாக்கைக் கவிழ்த்தார்.

என் ஊர்வலம் மொத்தமும் தரையில் விழுந்தது.

"வாய்க்கா மதகுக் கண்ணுல போயி அடச்சிக்கினு, தண்ணி பூரா திரும்பி, இப்பதான் வெத போட்ட மல்லாட்ட நெலத்துல நிக்குது. வெதயெல்லாம் அழுவிப் பூடும். அந்த ஆளு யாருன்னு மட்டும் நீ காட்டும்மா. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

(மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.)

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "சொல்லுங்க டீச்சர், யாரது?" என்றார். இவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"நான்தான் மாமா."

"யாரு?"

"நான்தான்."

மாமனார் குனிந்து பைகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சாக்குக்குள் போட ஆரம்பித்தார். எல்லாவற்றையும் போட்டு முடித்தபின், "சரி. இது வூட்டு விஷயம். வூட்ல பேசிக்கலாம்" என்றார்.

கோவிந்தன் விடுவதாக இல்லை. "இன்னா மாமா, வேலவெட்டிய வுட்டுட்டு வாடான்னு இட்டாந்துட்டு, இப்ப வூட்டு விஷயம்ன்றீங்க? என் நெலத்துலயுந்தான தண்ணி நிக்குது?"

தலைமையாசிரியர் தரையில் ஒட்டியிருந்த ஒரு சீட்டை எடுத்து நிதானமாகப் படித்தார். "இந்தப் பை கடலைச் சேர்ந்ததா என்று அறிய விரும்புகிறோம்." படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சேந்துடுச்சு டீச்சர். கடலையத்தான் சேந்திருக்கு. நீங்க நெனச்சது கடல், இது வேர்க்கடலை. ஒரு எழுத்துதான் வித்தியாசம்."

முதலில் சிரித்தது கோவிந்தன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தீர்ப்பு என்னவென்றால், சனிக்கிழமை நானும் வகுப்பும் போய் மதகையும் வாய்க்காலையும் சுத்தம் செய்ய வேண்டும். போனோம். பெரியவர்கள் தண்ணீரை ஏற்கெனவே வடித்துவிட்டிருந்தார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புது மருமகள் முழங்கால் சேற்றில் நிற்பதை வரப்பில் ஊரே நின்று பார்த்தது. மாமியார், தலையில் அடித்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று கையைப் பாதி தூக்கியபடியே நின்றிருந்தார்.

தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. என் பைகள் மேலாக இருந்தன. அவற்றுக்கு அடியில் உரப்பை, செருப்பு, எண்ணெய் டப்பா, தீபத்துக்கு வந்தவர்கள் போட்ட பை, டவுனில் யார் யாரோ போட்ட பை. மாமனார் எல்லாவற்றையும் வரப்பில் பரப்பிப் போடச் சொன்னார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு வேடிக்கை பார்த்தவர்களிடம் சொன்னார்:

"பாத்துக்குங்க. ஊரு மொத்தந்தான் போட்டுக்கீது. எங்க மருமவ ஒருத்திதான் அட்ரஸ் எழுதிப் போட்டுக்கீது."

கோவிந்தன்கூடத் தன் உரப்பையை அடையாளம் கண்டுகொண்டவர்போல வேறு பக்கம் பார்த்தார்.

காய்ச்சல் தேறி வந்திருந்த செல்வி, மதகுக் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், இந்த ஓட்ட இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா எல்லாம் கடலுக்குப் போயே இருக்கும், இல்ல?" என்றாள். ஒரு வாரம் பயிற்சி பெற்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

அழுகிய இடங்களில் மறுபடி விதை போட்டார்கள். ஏர் பின்னால் நானும் போய் விதை விட்டேன். எனக்குப் பின்னால் மாமியார், நான் விட்டதையெல்லாம் சரிசெய்துகொண்டே வந்தார்.

மாமனார் இந்தக் கதையை உறவுக்காரர் கல்யாணம் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்லத் தண்ணீர் ஏறியது. ஆரம்பத்தில் கால் முழுகியது, அப்புறம் மாடு முழுகியது, கடைசியில் ஏரிக்கரையே ஆட்டம் கண்டது. "பையப் பாத்ததுமே எனக்குத் தெரியும், இது எங்க மருமவ வேலதான்னு" என்றும் சேர்த்துக்கொண்டார். "தெரிஞ்சிதான் கோவிந்தனையும் இட்டுக்கினு போனீங்களா?" என்று மாமியார் கேட்கும்போது மட்டும் அவருக்குக் காது கேட்காது.

எங்கள் வீட்டில் யார் எதைக் கீழே போடப் போனாலும், "அட்ரஸ் எழுதிட்டுப் போடு" என்பார்கள். திட்டுவதில்லை, அவ்வளவுதான் சொல்வது. என் மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு முறை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். முடிந்ததும் கவரோடு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். நான் சும்மா பார்த்தேன். கையை உள்ளே இழுத்து, கவரைச் சுருட்டி என் கைப்பைக்குள் திணித்தாள்.

"பேனா இல்லம்மா" என்றாள்.