சொல்தாவின் மெக்னீசியம்

புதுச்சேரியில் சூரியன் கிழக்கே உதித்தாலும், "இத யாரு அனுப்பிச்சது?" என்று விசாரிக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். மூலக்குளத்தில் அவர் மாடி, நான் கீழ்வீடு.

பிள்ளைச்சாவடி மீன்காரம்மாவிடம் ஒரு நாள், "இந்த வஞ்சிரம் எப்போ செத்துச்சு?" என்றார்.

"காலையிலதான்."

"நீ பாத்தியா?"

"யோவ் சொல்தா, மீனுக்கு டெத் சர்டிபிகேட்டா வாங்கியார முடியும்?"

மீன் வாங்காமலே மாடி ஏறிவிட்டார்.

எனக்குத் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் வேலை. படுத்தால் கெண்டைக்கால் சுண்டி இழுத்துக் குரக்களி பிடித்துக்கொள்ளும். நான் போடும் கூச்சலுக்குத் தெருநாய்கள் பதில் சொல்லும். தூக்கமில்லாமல் எத்தனை நாள் நிற்பது? வேலையே போய்விடும் என்று பயந்து கிடந்தபோதுதான் சொல்தா மாடிக்குக் கூப்பிட்டார். பாரீசிலிருந்து மகள் அனுப்பிய மெக்னீசியம் மாத்திரையைத் தண்ணீரில் போட்டார். புஸ்ஸென்று நுரைத்தது.

"குடி."

"நானா முசே?" 'ஐயா' என்பதை அவரிடம் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"எனக்கும்தான் குரக்களி. ஆனா பொட்டியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? பட்டாளத்துல சமையக்காரன் தின்னப்புறம்தான் நாங்க தின்னுவோம். நீ குடி, நான் பாக்கறேன்."

அடப்பாவி மனுஷா! எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மாத்திரையை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கிட்னி கெட்டவர்கள்தான் தொடக்கூடாது என்று சொல்லி, என் கிட்னியைச் சோதித்துவிட்டு, குடிக்கலாம் என்றார்.

அதிலிருந்து தினமும் சாயந்திரம் சோதனைதான். நாக்கை நீட்டு, கண்ணைக் காட்டு, ஒற்றைக்காலில் நில்லு! மாத்திரையோ, வெறும் நம்பிக்கையோ, குரக்களி குறைந்துவிட்டது. "அப்புறம் என்ன, நீங்களும் குடிங்க" என்றால், "நீ நடிக்கிறியோ என்னமோ. இன்னும் ஒரு பொட்டி பாப்போம்" என்பார். மனுஷன் என்னை வைத்து என்னதான் பண்ணுகிறார் என்று புரியவே இல்லை.

மகள் லீவில் வந்தபோது படிக்கட்டில் மடக்கினேன். "உங்கப்பா எப்பதாம்மா குடிப்பாரு?"

அவள் சிரித்துவிட்டாள். "அவருக்குக் குரக்களியே கிடையாதுண்ணே. கிட்னி வேற கோளாறு, இதத் தொடவே கூடாது. கீழ்வீட்டுப் புள்ள வலியில கத்தறான், சும்மா குடுத்தா வாங்கிக்க கூச்சப்படுவான், நீ அனுப்பு, நான் பாத்துக்கறேன்னு என் உசுர எடுத்துட்டாரு."

அன்றும் டம்ளரை நீட்டினார். குடித்தேன்.

"என்னடா, கண்ணு கலங்குது?"

"நுரை ஏறிடுச்சு முசே."

அவர் நம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.