பையிலிருந்து பேசிய ஜ்வாலாமுகன்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தாராவிக்குப் போய் ஒரு டேப் ரிகார்டரை வாங்கிண்டு வந்து மாதுங்கா சபாவுல வைக்கணும்.

குழந்தைகூடப் பண்ணிடும். அதனால குழந்தையைத்தான் அனுப்பியிருக்கணும்.

தில்லிக்கு டெலிவிஷன் வந்தாச்சுன்னு பம்பாய்ல நாங்க பேப்பர்ல மட்டும் படிச்சுண்டிருந்த காலம். மாதுங்காவுக்கு சபா மேடைதான் டெலிவிஷன். அந்த மேடையில போன வருஷம் நான் எழுதின விஞ்ஞான நாடகத்துல ஒரு வில்லன், பேர் ஜ்வாலாமுகன். செவ்வாய் கிரகத்துலேர்ந்து பூமியை அழிக்க வந்தவன். கடைசி சீன்ல அமிலத் தொட்டியில தள்ளிக் கொன்னுட்டேன்.

கொன்னதுதான் வம்பாப் போச்சு! கறிகாய்க் கடையில, ரயில்வே பாலத்துல, எங்க பார்த்தாலும் ஒரே கேள்வி.

"சார், ஜ்வாலாமுகன் எப்போ திரும்பி வருவான்?"

ஹீரோவை ஒருத்தர் விசாரிக்கலை.

சரி, கொண்டு வருவோம்னா யுத்த சமயம். ராத்திரி விளக்கு போடக்கூடாது, மேடை நாடகம் கிடையாது. "ஒலி நாடகமாப் பண்ணிடறேன். டேப்புல பதிஞ்சு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்பீக்கர்ல போட்டுடலாம்"னேன்.

சபா செகரட்டரி ரிடையரான ஆடிட்டர். என்னை அவர் நம்பினதே கிடையாது.

"அஞ்சு மணிக்கு உம்ம பெட்டி வரலேன்னா பஜனையை ஆரம்பிச்சுடுவேன். அப்புறம் உம்ம வில்லன் இந்த சபா படியே ஏறப்படாது. நீரும்தான்"னுட்டார்.

போன வருஷம் மேடையில ஜ்வாலாமுகனா நடிச்சதும், இப்போ அவனோட குரலும் மொய்தீன் பாய். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், தாராவியில தோல் பெட்டி தைக்கற பட்டறை வச்சிருக்கார். மிஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி வளர்ந்த குரல். அவர் டீ கேட்டா அடுத்த பேட்டை மாஹிம்ல யாராவது கொண்டு வருவா. டேப் ரிகார்டரும் அவரோட மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு வந்ததுதான். பேட்டரியிலேயே ஓடும்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் போனப்போ பாய் பெட்டியைத் துடைச்சு ரெடியா வச்சிருந்தார்.

"சார், இந்தச் செவப்புப் பித்தானை மட்டும் தொட்டுராதிய. தொட்டா நான் பேசுனதெல்லாம் அழிஞ்சு போவும். தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்."

"தொடுவேனா பாய்?"

தொடலை. ஆனா பஸ் ஸ்டாப்புக்கு வர வழியில, ஆத்துக்காரி பூசணிக்காய் கேட்டிருந்தது ஞாபகம் வந்தது. முழுசா ஒண்ணு வாங்கினேன். ரெண்டு கையிலயும் சுமை எதுக்குன்னு, டேப் ரிகார்டர் இருந்த பைக்குள்ளயே வச்சேன். பெட்டிக்கு மேல.

பஸ்ல நல்ல கும்பல். டிரைவர் ஒரு பிரேக் போட்டார். பூசணிக்காய் வசதியா உட்கார்ந்தது.

"ஹஹ்ஹஹ்ஹா!"

பஸ்ஸே திரும்பித்து.

"பம்பாய் நகர ஜனங்களே! இன்று சாயங்காலம், ஆகாச மார்க்கமாக அக்னி வர்ஷம்! சர்வநாசம்!"

இங்கே என்னோட வியாதி ஒண்ணைச் சொல்லியாகணும். எனக்குச் சாதாரணத் தமிழ் எழுதப் பிடிக்காது. வேற கிரகத்துலேர்ந்து வர்றவன் "ஒங்களத் தீத்துடுவேன்"னு பேசினா அவனுக்கு என்ன கௌரவம், எனக்குத்தான் என்ன கௌரவம்? அதனால கனமான சமஸ்கிருத வார்த்தையாப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டிருந்தேன். அந்த வசனத்துல தமிழ்னு பார்த்தா 'இன்று' ஒண்ணுதான்.

பஸ்ல என்னைத் தவிர எல்லாரும் மராத்திக்காரா. அந்த சமஸ்கிருதமெல்லாம் மராத்தியிலயும் உண்டு. அவாளுக்குப் புரியாத ஒரே வார்த்தையும் அந்த 'இன்று'தான்!

ஒரு அம்மா "அய்யோ தேவா!"ன்னு குழந்தையை இறுக்கிக் கட்டிண்டா. நான் பைக்குள்ள கையை விட்டு எதையோ அமுக்கினேன். ஜ்வாலாமுகன் கீச்சுகீச்சுன்னு பின்னாடி ஓடினான். இன்னொண்ணை அமுக்கினேன். மறுபடியும் முதல்லேர்ந்து "ஹஹ்ஹஹ்ஹா!"

"வயர்லெஸ்! ஜாசூஸ்!"னு ஒருத்தர் கத்தினார். உளவாளின்னு அர்த்தம். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருக்கும்னு அதுவரைக்கும் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

பஸ் நின்னது. முன்னாடி நான், பின்னாடி பாதி பஸ், நடுவுல சாட்சிக்குப் பூசணிக்காயைத் தூக்கிண்டு கண்டக்டர். ஊர்வலமா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம்.

இன்ஸ்பெக்டர் மராத்திக்காரர். டேப்பைப் போட்டுக் கேட்டார். "க்யா ஹை யே?"ன்னார், என்ன இதுன்னு.

"நாட்டக் ஹை, சாப்!"

"நாட்டக் மத் கரோ!"

நாடகம்னு சொன்னா, நாடகம் ஆடாதேங்கறார். என்னோட இந்தி அதோட முடிஞ்சு போச்சு.

"இந்தக் குரல் யாரோடது?"ன்னு கேட்டார். பயத்துல பாய் பேரையும் பட்டறையையும் சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் உறைச்சுது. யாரை யார் எதுக்குச் சந்தேகப்படறான்னு தெரியாத நாள் அது. என் பூசணிக்காயால ஒரு நல்ல மனுஷன் மாட்டிக்கப் போறாரேன்னு நிஜமாவே பயந்துட்டேன்.

கான்ஸ்டபிளோட பாய் வந்து நின்னார். இன்ஸ்பெக்டர் டேப்பைப் போட்டார். பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நாந்தான் சாப்! கொரலு நல்லா விழுந்திருக்குல்லா?"

பாய் பம்பாய் இந்தியில வெளுத்துக் கட்டுவார். அதனால விசாரணை அவரோடயே நடந்தது.

"இதுல என்ன சொல்லியிருக்கே?"

"எனக்கென்ன தெரியும் சாப்? சார் எழுதிக் குடுத்தாரு. 'அர்த்தமெல்லாம் வேண்டாம் பாய், கர்ஜனை போதும்'னாரு. கர்ஜிச்சேன்."

இன்ஸ்பெக்டர் ஆடிப் போயிட்டார். "வானத்துலேர்ந்து நெருப்பு மழை பெய்யும், சாயங்காலம் ஊரே அழியும்னு சொல்லியிருக்கே! தெரியாதா?"

பாய் என் பக்கம் திரும்பினார். "அப்பிடியா சார் சொல்லியிருக்கேன்? எதுக்கு சார்? நமக்கு இந்த ஊருதானே சோறு போடுது?"

அதுக்குள்ள டேப் மேலே ஓடித்து.

"நான் அங்காரக லோகாதிபதி! அமில குண்டத்தில் மரணம்! இதோ புனர்ஜன்மம்!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "அங்காரக்? மங்கள் கிரஹம்? செத்தவன் மறு ஜன்மம் எடுத்து வரானா?" அவர் மூஞ்சியில போலீஸ்காரர் போய் ரசிகர் வந்து உட்கார்ந்தார். "அரே, இது நாடகம்னா!"

அதைத்தானே நான் முதல்லேர்ந்து சொல்றேன்!

பாய் என் காதுகிட்ட வந்தார். அவர் ரகசியம் ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது.

"சார், நான் செவ்வாயிலேர்ந்தா வந்தேன்? போன வருசம் ஒடம்பெல்லாம் செவப்புச் சாயம் பூசுனது அதுக்குத்தானா? நான் கோவத்துல செவந்துட்டேன்னுல்லா நெனச்சேன்!"

ஒரு ஹவில்தார் ஆசையா செவப்புப் பித்தான்கிட்ட விரலைக் கொண்டு போனார். "நக்கோ! வேண்டாம்!"னு நான் அலறின அலறல்ல ஜ்வாலாமுகனே பயந்திருப்பான்.

மணி அஞ்சாகப் போறது. "சாப், விட்டுடுங்கோ. இல்லேன்னா பஜனை ஆரம்பிச்சுடுவா"ன்னு கெஞ்சினேன்.

"கடைசியில பம்பாய் பிழைக்குமா, பிழைக்காதா? அதை மட்டும் சொல்லு."

"சபாவுக்கு வந்து கேளுங்கோ சாப்."

வந்துட்டார்! போலீஸ் ஜீப்புல நான், பாய், இன்ஸ்பெக்டர், டேப் ரிகார்டர், பூசணிக்காய். செகரட்டரி ஜால்ராவைக் கையில எடுத்தாச்சு. ஜீப்பைப் பார்த்ததும் சத்தம் வராம கீழ வச்சுட்டார்.

நாடகம் ஓடித்து. அவ்வளவு அமைதியா அந்த சபாவை நான் பார்த்ததில்லை. ரசிக்கறான்னு நினைச்சு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. "ஹஹ்ஹஹ்ஹா" வந்த இடத்துல மட்டும் கைதட்டல். மத்தபடி முன் வரிசையில இன்ஸ்பெக்டர் ஒருத்தர்தான் சரியான இடத்துல திடுக்கிட்டு, சரியான இடத்துல சிரிச்சு, ஜ்வாலாமுகன் மறுபடியும் செத்தப்போ தொப்பியைக் கழட்டினார்.

முடிஞ்சது. யாரும் எழுந்திருக்கலை. செகரட்டரி மைக்கைப் பிடிச்சார்.

"ரொம்ப உசந்த தமிழ். எனக்கே ஒண்ணும் புரியலைன்னா பார்த்துக்கோங்கோ."

ரெண்டாவது வரிசையில ஒரு மாமி எழுந்து, "அதெல்லாம் இருக்கட்டும், கதை என்னன்னு யாராவது சொல்லுங்கோளேன்"னா.

நான் தொண்டையைக் கனைச்சுண்டு எழுந்தேன். அதுக்குள்ள இன்ஸ்பெக்டர் மேடை ஏறிட்டார்.

முழுக் கதையையும் இந்தியில சொன்னார். கையை வீசி, கண்ணை உருட்டி, ஆகாசத்தைக் காட்டி. மாதுங்கா தமிழர்களுக்கு ஒரு மராத்திக்காரர் இந்தியில தமிழ் நாடகத்தை விளக்கறார். கூட்டம் மூச்சு விடாமக் கேட்டுது. ஜ்வாலாமுகன் அமிலத் தொட்டியிலேர்ந்து எழுந்த இடத்துல விசில் பறந்தது. என் பக்கத்துல ஜ்வாலாமுகன் வாயைப் பொளந்துண்டு கேட்டுண்டிருந்தார்.

"கதைன்னா இதுல்லா சார் கதை! நீங்களும் இப்பிடி எழுதியிருக்கலாம்லா?"ன்னார்.

அடுத்த வருஷமும் ஜ்வாலாமுகன் வேணும்னு ஊரே கேட்டுது. நாடகம் எழுதித் தரச் சொல்லி செகரட்டரி மறக்காம ஆள் அனுப்பினார்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு.