அத்தை மேசைக்குப் போட்ட கண்டென்சர்

மேனாம்பேடு, அம்பத்தூர்.
திருவிழாவுக்கு முந்தின நாள்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை மேக்ஸ்வெல் அவர்களுக்கு மாமனார் ராயப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை சாராளும் ஆண்டவர் புண்ணியத்தில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீங்களும் ஷைலாவும் அதேபோல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். கல்லூரியில் உங்கள் பிள்ளைகள் பாடத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்களோ இல்லையோ, நான் கேட்டேன். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் நன்றி போட்டால் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவீர்கள், அத்தோடு முடிந்துவிடும். நான் மோட்டார் சாமான் விற்று மேலே வந்தவன். பெரிய உதவிக்குக் காகிதத்தில் எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

அன்றைக்கு ஃபோனில் பேசும்போது அத்தை பக்கத்திலேயே நின்றதால் பாதிதான் சொன்னேன். முழுசும் இப்போது சொல்லிவிடுகிறேன். நம்ம கோயில் திருவிழாவுக்கு அன்பியங்களுக்குள்ள விவிலிய வினாடி வினா நடக்குதுன்னு தெரியுமில்ல, எங்க தெருக்காரங்க வாராவாரம் கூடி ஜெபம் பண்ற அந்தோணியார் அன்பியத்துக்கு அத்தைதான் இந்த வருஷம் கேப்டன். அவ கல்யாணத்துக்கு முன்னாடி சி.எஸ்.ஐ. சபை, நம்மள மாதிரி கத்தோலிக்கம் இல்ல. வசனத்தை அதிகார எண்ணோட சொல்லுவா. ஆனா இத்தனை வருஷம் நம்ம கோயில்ல முழங்கால் போட்டும், பின் வரிசைப் பொம்பளைங்களுக்கு அவ இன்னும் 'சபைக்காரம்மா'தான். ஜெயிச்சவங்களுக்குக் குடுக்கற அந்தக் கேடயம் ஒரு தடவை கைக்கு வந்துட்டா அந்தப் பேரு போயிடும்னு அவ எங்கிட்ட சொன்னதில்ல. சொல்லணுமா என்ன, ராத்திரி பகலா படிச்சதைப் பார்த்தாலே தெரியாதா.

போன வருஷம் யார் முதல்ல கை தூக்குனாங்கன்னு தகராறு வந்து ரெண்டு அன்பியம் இன்னிக்கும் பேசிக்கிறதில்ல. அதனால பங்குச் சாமியார் இந்த வருஷம் பஸ்ஸர் வேணும்னார். 'உபயம்: ராயப்பன்'னு பெட்டி மேல பெரிசா எழுதணும்னு சொல்லி நான் ஏத்துக்கிட்டேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல கரண்ட் பேனல் கட்டுற ஆனந்தன் பெட்டி செஞ்சாரு. மகா வேகமான பெட்டி, அது மேடையில, பட்டன் ஒவ்வொரு அன்பியத்து மேசையிலயும், ஒரு தடவை பட்டனை அமுக்குனா விளக்கு எரியும், மறுபடி அமுக்குனா அணையும். கேபிள் என் கடையிலேருந்து. மேடைக்கும் மேசைக்கும் நடுவுல கூப்பிடு தூரம்தான், ஆனா சுருளை வெட்டிட்டா மிச்சத்தை எவன் வாங்குவான்? திருவிழா முடிஞ்சதும் தொடச்சு மறுபடி கடையில வெச்சிடலாம்னு முழுச் சுருளையும் மேசைக்கு அடியில உருட்டி விட்டுட்டேன். வெள்ளோட்டம் பார்த்தா, ஒரு அமுக்கு அமுக்குனா விளக்கு எரிஞ்ச வேகத்துல அணையுது. ஆனந்தன் குனிஞ்சு பார்த்துட்டு, "இன்னாண்ணே, ஊருக்கே ஒயரு இஸ்த்துகினு கீறே? வெட்டு அத்த" அப்படின்னாரு. முதல்ல என் கையை வெட்டுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான் மாப்பிள்ளை. மோட்டார் முனகுதா, கண்டென்சர் போடு. ஃபேன் சுத்தலையா, கண்டென்சர் மாத்து. கடையில பாதி அலமாரி அதுதான், அதுதான் ஷைலாவைப் படிக்க வெச்சுது. அதனால கேபிள் பெட்டிக்குப் போய்ச் சேர்ற எடத்துல, ரெண்டு கம்பிக்கும் குறுக்கால, மேசைக்கு ஒண்ணுன்னு போட்டேன். மத்த மேசைங்களுக்குச் சீலிங் ஃபேனுக்குப் போடுற சின்னது. அத்தை மேசைக்கு மட்டும் போர்வெல் மோட்டாருக்குப் போடுறது, செம்பு சைஸுல. பொண்டாட்டி மேசை, கொஞ்சம் பெலமா இருக்கட்டுமேன்னு. அணையற வியாதி நின்னுடுச்சு. நானும் நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போட்டி. கேள்வி பாதியிலயே அத்தை அமுக்கிட்டா, நான் கண்ணால பார்த்தேன். விளக்கு சோம்பல் முறிச்சிகினு கெடக்குது. அதுக்குள்ள லூர்து மாதா அன்பியம் ஜீவா டீச்சர் விளக்கு எரிஞ்சு, அவங்க பதிலும் சொல்லி, கைதட்டலும் வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் நம்ம விளக்கு எரியுது. மறுபடி அமுக்குனா அணையணுமே, அதுவும் இல்ல. சாமியார் அடுத்த கேள்வித்தாளைக் கையில எடுக்கறாரு, நம்ம விளக்கு ஜெகஜோதியா எரிஞ்சுகினு கீது. "சாராளம்மா, சொல்லுங்க"ன்னார். "கேள்வியே கேக்கலையே சாமி, என்னத்த சொல்றது" அப்படின்னா அத்தை. பின் வரிசையில ஒரு குரல், "சபையில கேக்கறதுக்கு முந்தியே சொல்லிக் குடுத்துடுவாங்க போல." பந்தலே சிரிச்சுது. அவ சிரிக்கல, என்னைத் திரும்பிப் பார்த்தா. நல்லவேளை, சாமியாருக்கும் விளக்கு மேல சந்தேகம் வந்து, திருவிழா அன்னிக்கு மறுபோட்டின்னு சொல்லிட்டாரு. வீட்டுக்கு வந்து அத்தை சோறு போட்டா. குழம்பு ஊத்தல.

அன்னிக்குச் சாயந்திரம்தான் உங்களுக்கு ஃபோன் பண்ணேன். அதுக்கு முன்னாடி கடைத்தெருவுல தெரிஞ்சவங்க எல்லாரையும் கேட்டுட்டேன், ஒருத்தர் பாக்கியில்லாம இன்னும் பெரிய கண்டென்சரா போடுன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் சிரிக்காம கேட்டுட்டுச் சொன்னீங்க: "மாமா, பட்டனை அமுக்கினதும் கேபிள்ல ஒரு பல்ஸ் ஓடுது. அது போய் மோதுற அந்த நொடியில கண்டென்சர் காலியா இருக்கும், கம்பி ரெண்டையும் சேர்த்து முறுக்கி விட்ட மாதிரிதான் நடந்துக்கும். வந்ததை முழுங்கிட்டு, தலைகீழா ஒரு எதிரொலியைத் திருப்பி அனுப்பும். அது நெறைய நெறையத்தான் பெட்டிக்கு வோல்டேஜ் ஏறும். முழுசா நெறஞ்சப்புறம் அது அங்க இல்லாத மாதிரியே இருக்கும்."

இதை எழுதி வெச்சுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சேன், டக்குனு பிடிபட்டுடுச்சு. அது காலி குடோன். முதல் லோடு வந்தா குடோனுக்குத்தான் போகும், கல்லாப்பக்கம் ஒண்ணும் வராது. நெறஞ்சப்புறம்தான் சரக்கு கடைக்கு வரும். சரக்கு நின்னாலும் குடோன் காலியாக நேரமாவும், அதான் கேக்காத கேள்விக்கெல்லாம் விளக்கு எரிஞ்சிருக்கு. ஊரெல்லாம் பெட்டிக்கடை வெச்சிருக்கப்ப என் பொண்டாட்டிக்கு மட்டும் நானே பெரிய குடோனாக் கட்டிக் குடுத்து அவ கையைக் கட்டிப் போட்டிருக்கேன்.

நீங்க சொன்னபடியே எல்லாக் கண்டென்சரையும் கழட்டிட்டேன். கேபிளை வெட்டினேன், வெட்டும்போது கண்ணை மூடிக்கிட்டேன். கோடியில கேபிளுக்குத் தோதான ரெசிஸ்டர், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, அதைப் போட்டா வந்த பல்ஸ் திரும்பிப் போகாம அங்கேயே அடங்கிடும், எதிரொலியைப் பெட்டி ரெண்டாவது அமுக்குன்னு எண்ணி விளக்கை அணைக்காதுன்னு சொன்னீங்களே, அடங்கிடுச்சு. இன்னிக்குச் சாயந்திரம் அத்தையைக் கூட்டிப்போய் அமுக்கச் சொன்னேன். அமுக்கறதுக்கும் எரியறதுக்கும் நடுவுல ஒரு ஈ நுழையாது. மறுபடி மறுபடி அமுக்கிப் பார்த்தா. "மாப்பிள்ளை நல்லா இருக்கணும்"னா. வீட்டுக்கு வந்ததும் வஞ்சிர மீன் குழம்பு, ரெண்டு கரண்டி. என் ஊட்டுக்குள்ள சமாதானம் கொண்டுவந்த புண்ணியவான் நீங்கதான் மாப்பிள்ளை. என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

ஷைலாவுக்கு எங்கள் இருவரின் முத்தம். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். உங்கள் கை தொட்டதெல்லாம் துலங்கவும், உங்கள் வீட்டில் ஜெபமும் சிரிப்பும் குறையாமல் இருக்கவும் அந்தோணியாரிடம் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள மாமனார்,
ச. ராயப்பன்

பின்குறிப்பு: கூரியர்காரன் வரல, அதுக்குள்ள மறுபோட்டி முடிஞ்சுடுச்சு. உங்க வைத்தியம் பிரமாதம், எல்லாக் கேள்விக்கும் அத்தை விளக்குதான் முதல்ல. விவிலியத்துல மொத்தம் எத்தனை புத்தகம்னு சாமியார் கேட்டார். அமுக்கினா, எரிஞ்சுது, "அறுபத்தாறு"ன்னா. அது அவ பொறந்த வீட்டு வேதாகமக் கணக்கு, நம்ம கோயில்ல எழுபத்து மூணாம். நாலாவது கட்டளை என்னன்னார். முதல்ல அமுக்கி "ஓய்வுநாள்"னா. சபையில அதுதான் நாலு, நமக்கு நாலாவது அப்பா அம்மாவை மதிக்கிறதாம். ஜீவா டீச்சர் கையை மடியில வெச்சுகினு உக்காந்து, அவ தப்பா சொல்லச் சொல்ல சரியானதைச் சொல்லி, கேடயத்தைத் தூக்கிகினு போயிட்டாங்க. இப்ப அத்தை, "ஏழு புஸ்தகம் கூட இருக்குன்னு இத்தினி வருஷமா ஏன் எனக்குச் சொல்லல"ன்னு என்னைக் கேக்குறா. நான் என்னிக்கு அதைத் தொறந்து பார்த்தேன் சொல்றதுக்கு? பழைய கண்டென்சர் இருந்திருந்தா இதே மாதிரி தோத்திருப்பா, ஆனா பழி அதும்மேல போயிருக்கும். அதனால மேல எழுதின நன்றியைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. அடுத்த வருஷம் அவ மேசைக்குக் கண்டென்சர் போட்டே ஆகணும், கடையில அதைவிடப் பெரிசும் இருக்கு. எம்மாம் பெரிசு போட்டா அமுக்கறதுக்கும் எரியறதுக்கும் நடுவுல அவளுக்கு அந்த ஏழு புஸ்தகமும் ஞாபகம் வரும்னு கணக்குப் போட்டு, என் நம்பருக்கு மட்டும் அனுப்புங்க.