மானேஜருக்கு மேலே சுகந்தி

தேயிலை விலை அடிமாட்டு விலைக்குப் போன இந்த வருஷம், எங்கள் பச்சைமுகடு தேயிலைக் கழகம் பொதுநலன் கருதி இரண்டு சிக்கன நடவடிக்கைகளை மேற்கொண்டது. சேரம்பாடிப் பக்கம் இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் சூப்பர்வைசர் வேலைகளை ஒழித்தது. அதில் மிச்சமானதைப் போட்டு ஆபீஸ் மென்பொருளைப் புதுப்பித்தது. குன்னூர் ஏலத்தில் தூள் விலைபோகாததற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கிளார்க். மானேஜர் கீர்த்திவாசன், அவருக்குக் கீழே நான், ஆபீஸ் அவ்வளவுதான்.

புதுப் பதிப்பு வந்த மூன்றாம் நாள் சுகந்தி வந்தாள். கொழுந்து பறிப்பவள், ஒன்பது மாத வயிறு. பிரசவ லீவு வேண்டுமாம். இதற்கென்ன என்று தட்டினேன். சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது: "மேற்பார்வையாளர் இல்லாத ஊழியரின் பதிவைச் சேமிக்க இயலாது."

மென்பொருள் செய்து தந்த கோயமுத்தூர் சந்துருவுக்குப் போன் போட்டேன்.

"ஃப்ரேம்வொர்க்கை அப்கிரேட் பண்ணீட்டமுங்கண்ணா. பழசுல மேற்பார்வையாளர் கட்டம் காலியா இருந்தாலும் உட்டுரும். புதுசுல ஒவ்வொருத்தரும் யாருக்காச்சும் கீழ இருந்தே ஆகோணும்."

"சூப்பர்வைசரையெல்லாம்தான் ஊட்டுக்கு அனுப்பீட்டாங்களேப்பா!"

"அது பாலிசிங்கண்ணா. நான் டெக்னிக்கல்."

"அப்ப நாளையிலிருந்து நான் வரலைங்கண்ணா" என்றாள் சுகந்தி.

"லீவு ஏறாம நின்னா பத்தாம் நாள் அதுவே பேரை எடுத்துரும் தாயி. பேர் போனா எஸ்டேட் குடுத்த லைன் வீடும் போயிரும்."

அவள் கொழுந்துப் பையை மாட்டிக்கொண்டு சரிவில் ஏறினாள். சிவப்பு வரியை மீற நான் யார்?

மானேஜர் சட்டையில் 'டிஜிட்டல் மலை' என்று கழகம் கொடுத்த பேட்ஜ் குத்தியிருப்பார். "பூ, இவ்வளவுதானே? என் பேரைப் போடுங்க நல்லசாமி" என்றார். போட்டேன். மானேஜரின் மேற்பார்வையாளர் யார் என்று கேட்டது. அவருக்கு மேலிருந்த வட்டார அதிகாரி பதவியும் அதே உத்தரவில் ஒழிந்திருந்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் சந்துருதான் வழி சொன்னான்.

"வட்டமாப் போட்டாலும் ஏத்துக்குமுங்கண்ணா. கட்டம் காலியா இருக்கக்கூடாது, அவ்வளவுதான்."

உடனே உத்தரவு தயாரானது. "நிர்வாக நலன் கருதி, கொழுந்து பறிப்பவர் திருமதி சுகந்தி, மேலாளர் அவர்களின் மேற்பார்வையாளராக இதன்மூலம் நியமிக்கப்படுகிறார். இதன் பொருட்டுக் கூடுதல் ஊதியம் எதுவும் கோரக்கூடாது." சுகந்திக்கு மேலே மானேஜர், மானேஜருக்கு மேலே சுகந்தி. கம்ப்யூட்டர் பச்சை காட்டியது. மானேஜர் லீவை அனுமதித்தார்.

மறுநாள் காலை லீவு தானாக ரத்தாகியிருந்தது. விசாரித்ததில் காரணம் மிக நியாயமாக இருந்தது. மானேஜர் வேலைக்கு வந்திருப்பதை அவருடைய மேற்பார்வையாளர் தினமும் உறுதிசெய்ய வேண்டும். லீவில் இருப்பவர் உறுதிசெய்தால் செல்லாது. உறுதிசெய்யப்படாத மானேஜர் வராதவர். வராதவர் கொடுத்த லீவும் செல்லாது.

"ஏனுங்க சார், நீங்க இருக்கறது நான் சொன்னாத்தான் தெரியுமுங்களா?" என்று மானேஜரைக் கேட்டாள் சுகந்தி.

"எனக்குத் தெரியும்மா. சிஸ்டத்துக்குத் தெரியணும்."

"நீங்களும் உங்க சிஸ்டமும் நல்லா இருங்க" என்று பையை அவர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டாம் நாள் பெண் குழந்தை பிறந்தது.

அவள் வேலைக்கு வராமல் நின்ற ஒன்பதாம் நாள் லைன் வீட்டுக்குப் போனேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பேர் போய்விடும் என்று சொன்னேன். அவள் அழவில்லை.

"என் பேருல தினமும் கொழுந்து ஏறினா?"

"பேர் நிக்கும். எடைக் கருவியே கம்ப்யூட்டர்ல ஏத்திக்கும்."

"எத்தனை கிலோன்னு கேக்குமா?"

"கட்டம் காலியா இல்லாம இருந்தாப் போதும்."

"மானேஜருக்கு நான்தானே மேல?"

"உத்தரவே இருக்குது."

"அப்ப அவரைப் பையை மாட்டிக்கிட்டு ஏறச் சொல்லுங்கண்ணா. நீங்களும் கூடப் போங்க."

நானும் மானேஜரும் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் படித்தோம். ஓட்டையே இல்லை. மறுநாள் ஆபீஸைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் சரிவில் ஏறினோம். மாலையில் சுகந்தி பேரில் எடை போட்டால் நாலு கிலோ. அதிலும் பாதி முற்றல். மானேஜருக்கு அட்டை கடித்து இரண்டு காலிலும் ரத்தம். சுகந்தி மடியில் குழந்தையோடு போனை எடுத்து, மானேஜர் வேலையில் இருக்கிறார் என்று உறுதிசெய்தாள். அவள் லீவில் இல்லையே, அதனால் செல்லும்.

ஒரு மாதம் இப்படியே ஓடியது. நேற்று முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து பார்த்தால், பூட்டிய ஆபீஸ் கதவிடுக்கில் தலைமை அலுவலகக் கடிதம் ஒன்று செருகியிருந்தது. கடந்த ஒரு மாதமாக எங்கள் எஸ்டேட்டில் நிர்வாகம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சிறப்பாக நடந்துவருவதாகப் பாராட்டியிருந்தார்கள்.