எல்லாருக்கும் ஒரே சங்கு

சமத்துவம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஓசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தக் காலனியில் அது ஒலிபெருக்கியிலிருந்து தொடங்கியது.

தொடக்கி வைத்தவள் எஸ்லின். பக்கத்துக் குளிர்பதனக் கிடங்கில் ஷிஃப்ட் மாறும்போது காலனிக் கம்பத்துக் குழாய் ஒலிபெருக்கியில் சங்கு ஊதும். தூளியில் கிடக்கும் அவள் கைக்குழந்தை தூக்கிப்போட்டு எழுந்து வீறிடும். புகார் கொடுத்தாள். ஒலி ஒழுங்கு அலுவலர் சென்னகிருஷ்ணன் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார்.

"இனிமே குழாய்ல வர்ற எல்லாச் சத்தமும் ஒரே அளவும்மா. பெருசா வந்தா அமுக்கும். சன்னமா வந்தா தூக்கிவிடும்."

"ரொம்பப் பெருசா வந்தா உடைஞ்சு கரகரங்குமே சார்?"

"உடைய விட்டாத்தானே? தலை தூக்கப்போகுதுன்னு தெரிஞ்சாலே தட்டி உக்கார வெச்சிரும். எங்க ஆபீஸ்லயும் அதேதான் வழக்கம்."

அன்றிலிருந்து பக்திப் பாட்டு, குப்பை வண்டி அறிவிப்பு, கேட் மைக் வழியே வரும் ராயக்கோட்டைத் தக்காளி வண்டி ஹாரனின் 'பூ', கிடங்குச் சங்கு எல்லாம் ஒரே தொண்டையில் வந்தன. பாப்பா தூங்கியது. எஸ்லின் ஸ்தோத்திரம் சொன்னாள். காவலாளி முனீஸ்வரன் மைக்கை அணைக்க மறந்து, காலனிச் சங்கச் செயலாளர் வீட்டுக்கு மட்டும் ரெண்டு லாரித் தண்ணீர் போவதை யாரிடமோ போனில் கிசுகிசுத்தார். பெட்டி அதையும் தூக்கிவிட்டது. எளியவர் குரலை உயர்த்துவதே திட்டத்தின் நோக்கம் என்றார் அலுவலர்.

எஸ்லின்தான் அவரை நிறுத்திக் கேட்டாள்.

"சார், கிடங்குல அமோனியா வாயு கசிஞ்சாலும் அதே சங்குதானே? தக்காளி வண்டி மாதிரி கேக்குமே?"

"ஆபத்துக்குச் சலுகை குடுத்தா நாளைக்குத் தக்காளியும் கேக்கும்மா."

ஒரு மத்தியானம் குழாய் 'பூ' என்றது.

"ஏமே எஸ்லின், தக்காளி ஒச்சிந்தி, வந்துடுச்சு, பை எடுத்துக்கினு வா," என்றாள் எதிர்வீட்டு மங்கம்மா.

பாப்பா தூளியில் தூங்கியது. ரெண்டு நிமிஷ வேலைதானே என்று எஸ்லின் போனாள். தெருவே பையோடு வரிசையில் நின்றது.

"என்னா, ஹாரனை நிறுத்தவே மாட்டேங்கறான்?"

"விலை எறங்கியிருக்கும்."

அப்போதுதான் மூக்கு எரிந்தது.

எல்லாரும் மெயின்ரோட்டுப் பக்கம் ஓட, எஸ்லின் ஒருத்தி மட்டும் வீட்டுப் பக்கம் ஓடினாள். தூளியிலிருந்து அள்ளி, ஈரத் துண்டால் மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். நல்லவேளை, காற்று திசை மாறிக் காலனிக்கு எதிர்ப்பக்கம் அடித்தது. "எல்லாருக்கும் ஒரே சங்கா ஊதப் பாத்தாங்களே," என்று மங்கம்மா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அலுவலர் வந்து அறிக்கை வாசித்தார்: "பொதுமக்கள் சிறிதும் பீதியின்றி, கைப்பையுடன், வரிசை முறையைக் கடைப்பிடித்து வெளியேறினர்."

தெரு கைதட்டியது. வரிசையில் நின்றது உண்மைதானே.

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு எஸ்லின் தொண்டை கிழியக் கத்தினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நேத்து அந்தச் சங்குக்குக் குழந்தை முழிச்சுதாம்மா?" என்றார்.

"...இல்ல."

"அப்ப உங்க புகார் தீர்ந்தது." போனில் எதையோ தட்டினார். "மெதுவாப் பேசுங்க. தூங்கற புள்ள எழுந்துரும்."

எஸ்லின் மறுபடி வாயைத் திறந்தாள்.

"உஷ்," என்றது தெரு.