தேவி எடுத்த போன்

எனக்கு போன் என்றால் பயம். முகம் தெரியாத ஆளிடம் என்ன பேசுவது? ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னிடம் யாராவது இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டால்? (தமிழில் ஆரம்பித்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது வேறு விஷயம்.)

எண்பதுகளில், துறைமுக ஊரான கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு போன் வந்தது. மணி அடித்தால் நான் அடுப்படிக்குள் ஓடிவிடுவேன். எடுக்கிற வேலையை மகள் தேவியிடம் விட்டிருந்தேன். வயது நான்கு. ஸ்டூலில் ஏறி, "ஹலோ, யாரு?" என்று கணீரென்று கேட்பாள். எனக்கு வராத தைரியம் பிள்ளைக்கு வந்துவிட்டதே என்று பெருமை வேறு. அந்த மடத்தனத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் நாத்தனார் சரோஜாவுக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. மூன்று வரன்கள் தட்டிப்போய், நான்காவதாக பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு மாப்பிள்ளை. பெண் பார்க்க என்றைக்கு வருகிறோம் என்று அவர்களே போன் செய்வதாகப் பேச்சு.

வியாழக்கிழமை மணி அடித்தது. தேவி எடுத்தாள். அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். பிள்ளை கேட்டாள், தலையாட்டினாள். மறுபடி கேட்டாள், இன்னும் பலமாக ஆட்டினாள். நான்கு விரலைக் காட்டினாள். பொம்மையைத் தூக்கி ரிசீவருக்கு முன்னால் பிடித்தாள். என்ன மரியாதையாகப் பேசுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேனே தவிர, அந்த ஹலோவுக்குப் பிறகு ஒரு வார்த்தைகூட அவள் வாயிலிருந்து வரவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

வைத்தவுடன் யார் என்று கேட்டேன். பிரிக்பீல்ட்ஸ் பாட்டியாம், வருகிறார்களாம்.

"எப்ப வராங்களாம்?"

"நாளைக்கு."

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் லீவு போட்டார். சரோஜா ஷா ஆலம் ஊரில் வேலை பார்த்த பேக்டரிக்குப் போகவில்லை. நான் கேசரி கிண்டி, அறுபது வடை சுட்டேன். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து சரோஜா ஏழு மணிவரை உட்கார்ந்திருந்தாள். ஒரு ஈ காக்கை வரவில்லை. பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர்களுக்கு போன் போட்டுக் கேட்க இவருக்கு ரோஷம். எனக்கு, சொன்னேனே, பயம். மூன்று நாளும் வடைதான் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடை குத்திக்கொண்டிருந்தார். சரோஜா தலையில் எண்ணெய் வழிய நின்றாள். நான் பேப்பரை விரித்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வர வேண்டியவர்கள் இன்றைக்கு வந்திருக்கிறார்களே என்று இவர் வாசல் கேட்டிலேயே முறைத்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் விடவில்லை.

"ஞாயித்துக்கிழமைன்னுதானே சொன்னேன் தம்பி. சரியாம்மான்னு பாப்பாகிட்ட மூணு தடவ கேட்டேன். பதிலே இல்ல. பொண்ணு குடுக்கிற வீட்டுல போன இப்படியா எடுப்பாங்க?"

நாலாவதும் போச்சு என்று நினைத்தேன். தேவி முன்னால் வந்தாள்.

"நான் சொன்னேன்ல."

"என்னம்மா சொன்னே?"

ரொம்பப் பெரிதாகத் தலையை ஆட்டிக் காட்டினாள். "இப்படிச் சொன்னேன். பாட்டிதான் பாக்கல."

அந்த அம்மா அவளையே பார்த்தார். பிறகு குனிந்து, "தீபாவளி எப்ப பாப்பா?" என்று கேட்டார்.

"நாளைக்கு."

(தீபாவளிக்கு ஏழு மாதம் இருந்தது.)

"ஆறு பிள்ள பெத்தவ நான், எனக்குப் புத்தி வேணாம்?" என்று செருப்பைக் கழற்றினார். இந்த வயதுப் பிள்ளைக்குத் தான் பார்ப்பதெல்லாம் மற்றவர்களுக்கும் தெரிகிறது என்றுதான் நினைப்பு, இன்றைக்கு இல்லாததெல்லாம் நாளைக்குத்தான் என்று என் வீட்டுக்காரரிடம் விளக்கினார். சரி, அந்தப் பிள்ளையிடம் போனைக் கொடுத்த பெரிய மனுஷி யார் என்றும் கேட்டார். எல்லாரும் நெத்திலிக் கையோடு நின்ற என்னைத்தான் பார்த்தார்கள்.

எண்ணெய்த் தலையோடேயே சரோஜாவைப் பிடித்துப்போய்விட்டது மாப்பிள்ளைக்கு.

ஆறு வயதில் தேவிக்குக் கிழமைகள் தெரிந்துவிட்டன. போனில் வாயால் பதில் சொல்லவும் பழகிவிட்டாள். சரோஜாவின் வீட்டுக்காரர் இன்றைக்கும் வாரம் ஒரு முறை எனக்கு போன் செய்வார். சாப்பிட்டீர்களா என்பார். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

"அக்கா, தலையாட்டுறீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டுவேன்.