முதல் படகை முந்தக் கூடாது

ஊருக்குக் குடிநீர் தரும் ஏரியைக் கண்காணிக்க ஏழு படகுகள் வந்து இறங்கின. ஓட்ட ஆள் வேண்டாம். தங்களுக்குள் பேசிக்கொள்ளும். எங்கே தண்ணீர் கெடுகிறதோ, அங்கே பக்கத்தில் இருக்கும் படகு ஓடிப்போய்ச் சோதித்துச் சொல்லிவிடும்.

முதல் நாளே, வடகரையில் சாக்கடை கலப்பதை ஏழாவது படகு கண்டுபிடித்தது. பாராட்டை எதிர்பார்த்திருந்த, படகுகளுக்குப் பொறுப்பான பெண் பொறியாளரைக் குடிநீர்த் துறை இயக்குநர் அழைத்தார்.

"ஏழாவது ஏம்மா போச்சு?"

"பக்கத்துல இருந்துச்சு சார்."

"பக்கத்துல இருந்தா போயிடறதா? நான் இத்தனை வருஷமா இங்க இருக்கேன். பக்கத்துல இருக்குன்னு ஒரு ஃபைலைத் தொட்டிருப்பேனா?"

ஆணை பிறந்தது. மூப்பில் முதலாவதான படகு நேரில் சென்று உறுதி செய்யும்வரை மேற்படி சாக்கடையைச் சாக்கடை எனக் கருத இயலாது. பிற படகுகள் அதை முந்தக் கூடாது. பொறியாளர் உட்கார்ந்து படகுகளுக்கு மரியாதை கற்றுக்கொடுத்தார்.

முதல் படகு புறப்பட்டு, பாதி வழியில் ஆகாயத்தாமரையில் சிக்கியது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததால், "பயணத்தில் உள்ளேன்" என்றே தகவல் அனுப்பியது. மற்ற ஆறும் பின்னால் அடக்கமாக நின்றன. அந்த அழகைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. பிற துறைத் தலைவர்கள் வந்து பார்த்து, தங்கள் அலுவலகங்களிலும் இப்படி நிற்க ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பொறியாளர் வீட்டுக் குழாயில் தண்ணீர் நாறியது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. நீ சொன்னால் கேட்க மாட்டார்களா என்றார் கணவர். ஒரே ஒரு படகை முந்தவிடச் சொல்லிப் பொறியாளர் இயக்குநரிடம் கெஞ்சினார்.

"மேலதிகாரி லீவுல இருக்கார்மா. அவரை நான் முந்தவா?"

மறுநாள் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பொறியாளரே தலைமை அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கப் போனார். வாசலில் ஊரே பாட்டிலோடு வரிசையில் நின்றது. கடைசியில் போய் நின்றார்.

"விவரம் தெரிஞ்சவங்க நீங்க. முன்னாடி போய்ச் சொல்லுங்களேன்" என்றாள் முன்னால் நின்றவள்.

"எப்படிக்கா? நீங்கல்லாம் முதல்ல வந்துட்டீங்களே."

வெயில் ஏறியும் வரிசை நகரவில்லை. காவலாளி வந்து, வரிசையில் முதலில் நின்றவரிடம் என்ன புகார் என்று கேட்டார். அவருக்குப் புகார் ஒன்றும் இல்லை. பேருந்துக்கு நிற்கிறாராம்.

செய்தி வரிசையின் கடைசிவரை வந்து சேர்ந்தது. எல்லாரும் பாட்டிலைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, பேருந்து எப்போது வரும் என்று விசாரித்தார்கள்.